சனிக்கிழமை, எட்டு ஐம்பத்தொன்று

“மேடம், இருபத்தாறு பக்கம் அனுப்பியிருக்கீங்க. தேதி, மணி, நம்பர்னு ஒரே கட்டம் கட்டமா இருக்கு. எனக்குத் தலையும் புரியலை, வாலும் புரியலை. யாருன்னு ஒரு வரியில சொல்லுங்க” என்றார் ஹரிஷங்கர், போனில்.

பிருந்தா ஒரு வரியில் சொன்னாள். வாயால் சொன்னதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அவர் கேட்டபடி அதைத் தனித்தாளில் அடித்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி அனுப்பியும் வைத்தாள்.

‘ஜூலை பன்னிரண்டு, சனிக்கிழமை காலை 8.51-க்குத் தன் கணினியைத் திறந்த பாண்டிச்செல்வி, 9.06-க்கு அதில் பென் டிரைவைச் செருகி, விசாரணைக் குழுவின் வாக்குமூலத்தை நகல் எடுத்திருக்கிறார்.’

அந்தத் தாள் போய்ச் சேர்ந்த மறுநாளே பாண்டிச்செல்வியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

ஹரிஷங்கருக்குப் பசுமலையைத் தாண்டித் திருமங்கலம் போகிற சாலையில் விதைக் கம்பெனி. தளிர்வளம் என்று பெயர். பருத்தி, மக்காச்சோளம், காய்கறி விதைகளைச் சலித்துச் சுத்தம் செய்து பாக்கெட் போட்டு அனுப்புகிற இடம். பாக்கெட் போடும் பிரிவில் மட்டும் எழுபது பெண்கள். அவர்களில் ஒருத்தி தங்கப்பொண்ணு. அந்தப் பிரிவின் சூப்பர்வைசர் உக்கிரபாண்டி தன்னிடம் முறைகெட்டு நடந்துகொண்டதாக அவள் மனுக் கொடுத்திருந்தாள். சட்டப்படி விசாரணைக் குழு கூடியது. கதவைச் சாத்திக்கொண்டு அவள் சொல்லச் சொல்ல, ஆபீஸ் உதவியாளர் பாண்டிச்செல்வி டைப் அடித்தாள். நான்கு பக்கம். குழுவைத் தவிர வேறு கண் படக் கூடாத நான்கு பக்கம்.

வியாழக்கிழமை சொன்னது, திங்கட்கிழமை டீ நேரத்தில் எழுபது பெண்களின் போனிலும் இருந்தது.

தங்கப்பொண்ணு தன் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை.

வெளியே விட்டது யார்? கோப்பு இருந்தது ஒரே ஒரு கணினியில். அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, உறையில் போட்டு, சீல் வைத்து, கோரிப்பாளையத்தில் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற பிருந்தாவின் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள்.

பிருந்தாவுக்குப் பன்னிரண்டு வருஷமாக இதுதான் தொழில். வந்த டிஸ்க்கில் ஒரு புள்ளிகூட மாறாதபடி அச்சு அசலாகப் பிரதி எடுப்பாள். அசலை மறுபடி சீல் வைத்துவிட்டுப் பிரதியைத் தோண்டுவாள். எத்தனை மணிக்குத் திறந்தார்கள், எதைச் செருகினார்கள், எதை அழித்தார்கள், அழித்துவிட்டு எதை மறந்தார்கள் என்று எல்லாம் அதில் கிடக்கும். அவள் கையெழுத்துக்குக் கோர்ட்டில் மதிப்பு உண்டு. குறுக்கு விசாரணையில் வக்கீல்கள் அவளிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட கதைகள் மதுரை வட்டாரத்தில் இரண்டு மூன்று உலவுகின்றன.

அப்பேர்ப்பட்டவளைத் தேடி ஒரு புதன்கிழமை மூன்று மணிக்கு, மாடிப்படி ஏறிய மூச்சு வாங்கலோடு ஒரு பெண் வந்து நின்றாள். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். கையில் ஒரு மஞ்சள் பை.

“நீங்கதான் பிருந்தா மேடமா?”

“ஆமா. நீங்க?”

“நீங்க பேரு எழுதி அனுப்புனீங்களே, அந்தப் பாண்டிச்செல்வி.”

பிருந்தா கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள். கீழே சிக்னலில் பஸ்கள் ஹாரனை அலற விட்டுக்கொண்டிருந்தன. “விசாரணை முடியற வரைக்கும் நான் உங்ககிட்டப் பேசறது முறை இல்லைம்மா.”

“சண்டை போட வரலை மேடம். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். அன்னைக்கு ஒன்பது ஆறுக்கு நான் அந்தச் சீட்டுல உக்காந்திருந்ததை உங்க மிஷின் பாத்துச்சா?”

“உங்க யூசர் பேர்ல, உங்க பாஸ்வேர்டைப் போட்டுத்தான் திறந்திருக்கு.”

“அது என் பேரு. நான் இல்லை.”

பன்னிரண்டு வருஷத்தில் எத்தனையோ பேர் மேசையைக் குத்திக் கத்தியிருக்கிறார்கள். இவள் கத்தவில்லை. கணக்கு வாத்தியார் கரும்பலகையில் தப்பைச் சுட்டுகிற மாதிரிச் சொன்னாள்.

“உக்காருங்க” என்றாள் பிருந்தா.

“எங்க மேனேஜர் பசுபதி சாருகிட்ட எங்க நாலு பேரு பாஸ்வேர்டும் இருக்கு மேடம். சனிக்கிழமை ஒன்பதுல இருந்து பத்தரை வரைக்கும் ராகுகாலம். ஆபீஸு தொறக்கிறதே ஒன்பதரைக்கு. ராகுகாலத்துல எதையும் புதுசா ஆரம்பிக்கக் கூடாதும்பாரு. அதனால சனிக்கிழமைன்னா மட்டும் ஒன்பதுக்கு முன்னாடியே வந்துருவாரு. நாலு கம்ப்யூட்டரையும் ஆன் பண்ணி, பாஸ்வேர்டு அடிச்சு, ஆளுக்கு ஒரு ஃபைலைத் தொறந்து வச்சிருவாரு. அப்புறமா நாங்க வந்து உக்காந்தா, வேலை ஏற்கெனவே ஆரம்பிச்சாச்சு, நாங்க சும்மா தொடர்றோம்னு அர்த்தம்.”

“நீங்க அன்னைக்கு எத்தனை மணிக்கு வந்தீங்க?”

“எப்பவும் போல ஒன்பது முப்பத்தஞ்சு. பேரையூருக்கு அங்கிட்டு இருந்து வாரேன் மேடம். ரெண்டு பஸ்ஸு. மகளிர் பஸ்ஸுல இலவச டிக்கெட்டு, அதை யாரு எடுத்து வைப்பா? சனிக்கிழமை ரிஜிஸ்டர்ல கையெழுத்து மட்டும்தான், மணி எழுத மாட்டோம். கேட்டுல கேமரா இருக்கு. பதினஞ்சு நாளைக்கு மேல அதுல ஒண்ணும் நிக்காதாம்.”

“இதை விசாரணையில சொன்னீங்களா?”

“சொன்னேன். சாரு குனிஞ்ச தலை நிமிராம, ‘அப்படி ஒரு வழக்கமே கிடையாது’ன்னுட்டாரு.”

“மத்த மூணு பேர்?”

“அவங்களுக்கும் வேலை வேணும்ல மேடம்.”

பாண்டிச்செல்வி எழுந்தாள். வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள்.

“வேலை போனா வேற வேலை தேடிக்கிருவேன். பி.காம். படிச்சிருக்கேன். தங்கப்பொண்ணு மதினி எங்க தெருதான். அவன் செஞ்சதை அது மொத மொத வாயைத் தொறந்து சொன்னது எங்கிட்ட. மனு எழுதுன்னு சொன்னது நானு. மாட்டேன், மாட்டேன்னுச்சு. நான் இருக்கேன் மதினின்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனேன். இப்ப நானே அதை ஊருக்குப் பரப்புனேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கு. போய்க் கூப்புட்டா கதவைத் தொறக்க மாட்டேங்குது. வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குக் கடைசி விசாரணை. அதுல என்னைய அனுப்பிட்டா, அது சாகுற வரைக்கும் அப்படித்தானே நினைக்கும்?”

படியிறங்கிப் போய்விட்டாள்.

பிருந்தா இருபத்தாறு பக்க அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு படித்தாள். அதில் ஒரு தப்பும் இல்லை. ‘பாண்டிச்செல்வி என்னும் பயனர் பெயரில்’ என்றுதான் ஒவ்வொரு பக்கத்திலும் எழுதியிருந்தாள். ஹரிஷங்கர் அவசரப்படுத்திய அந்த ஒற்றை வரியில்தான் பயனர் பெயர் உதிர்ந்துபோய் ஆள் வந்து உட்கார்ந்திருந்தாள். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் சொல்லிக் கொடுக்கிற பாடம் அது.

அன்று சாயங்காலமே அவள் பிரதியை மறுபடி திறந்தாள். இந்தத் தடவை அந்த ஒரு நாளை மட்டும் பார்க்கவில்லை. ஒரு வருஷத்துச் சனிக்கிழமைகளைப் பார்த்தாள். மற்ற நாட்களில் ஒன்பதரைக்கு மேல் திறக்கிற கணினி, சனிக்கிழமை தவறாமல் ஒன்பதுக்கு முன்னால் திறந்திருந்தது. திறந்த பிறகு முக்கால் மணி நேரத்துக்கு அதில் ஒரு எழுத்துகூட அடிக்கப்படவில்லை. காலையில் அரக்கப் பரக்க வந்து கணினியைத் திறந்துவிட்டு முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிற பெண் யார்?

ஆனாலும் இது போதாது. சனிக்கிழமை மட்டும் அவளே சீக்கிரம் வந்திருக்கலாம் என்று ஒரு குழந்தைகூடச் சொல்லும்.

வியாழக்கிழமை காலையில் பிருந்தா பெட்டியும் கருவிகளுமாகத் தளிர்வளம் கம்பெனியில் போய் இறங்கினாள். ஹரிஷங்கருக்கு முகம் சுருங்கியது. முப்பத்தைந்து வயது, அப்பா ஆரம்பித்த கம்பெனியை அப்பாவைவிட வேகமாக நடத்தத் துடிக்கிற ஆள்.

“முடிஞ்ச விஷயம் மேடம். எதுக்கு மறுபடியும் தோண்டறீங்க? ரெண்டு பேரும் ஒரே ஊர், ஒரே தெரு. அவங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும்.”

“என் வரி தப்பு சார். அதை வச்சு நீங்க ஒருத்தரை வேலையை விட்டு அனுப்பப் போறீங்க. மத்த மூணு கணினியும் வேணும். பாக்கெட் பிரிவுல லேபிள் அடிக்கிற கணினியும் வேணும். ஒரு வருஷத்து லீவு லெட்டர் ஃபைலும் வேணும்.”

“நாங்க தரலைன்னா?”

“என் முதல் அறிக்கையை வாபஸ் வாங்கிக்கிறேன்னு லெட்டர் எழுதி, விசாரணைக் குழுவுக்கு ஒண்ணு, லேபர் ஆபீஸுக்கு ஒண்ணு அனுப்பிடுவேன்.”

கொடுத்தார்கள்.

பிரதி எடுப்பது மணிக்கணக்கில் ஓடுகிற வேலை. கேண்டீன் காளை நடுவில் இரண்டு தடவை டீ கொண்டுவந்தார். ஒயர்களையும் மினுங்கும் விளக்குகளையும் வாயைப் பிளந்து பார்த்தார்.

“இது என்னம்மா, எக்ஸ்ரேயா?”

“அப்படித்தான் வச்சுக்கங்கண்ணே.”

“அப்ப அப்படியே எங்க முதலாளி நெஞ்சுக்கும் ஒண்ணு எடுத்துருங்க. உள்ள என்னமும் இருக்கான்னு பாப்போம்.”

சிரிக்கக் கூடாது என்று பார்த்தும் பிருந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று அவள் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான். ஏனென்றால், அரை மணி நேரத்தில் லேபிள் கணினி தன் கதையைச் சொல்லத் தொடங்கியது.

ஒவ்வொரு பென் டிரைவுக்கும் உள்ளே ஒரு எண் உண்டு. எங்கே செருகினாலும் அந்தக் கணினியில் அந்த எண் பதிந்துவிடும். பாண்டிச்செல்வியின் கணினியில் 9.06-க்குச் செருகிய பென் டிரைவின் எண், லேபிள் கணினியில் நாற்பத்திரண்டு தடவை பதிந்திருந்தது. நாற்பத்திரண்டும் உக்கிரபாண்டியின் ஷிஃப்ட் நேரத்தில். பாண்டிச்செல்வியின் கணினியில் ஒரே ஒரு தடவை.

வெள்ளிக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, பிருந்தா பசுபதியின் அறைக் கதவைத் தட்டினாள்.

ஐம்பத்தேழு வயது மனிதர். நெற்றி நிறையத் திருநீறு, சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. சுவரில் தினசரி காலண்டர். கம்பெனியில் அவர் அதட்டி யாரும் கேட்டதில்லை என்று காளை சொல்லியிருந்தார்.

“வாங்கம்மா. பதினொன்றரைக்குத்தானே கூட்டம்?”

“அதுக்கு முன்னாடி உங்ககிட்ட இதைக் காட்டணும் சார்.” ஒரு தாளை அவர் முன்னால் வைத்தாள். “உங்க ஆபீஸ்ல நாலு மேஜை. போன ஒரு வருஷத்துச் சனிக்கிழமையெல்லாம் இதுல இருக்கு. முதல் மேஜை 8.47. ரெண்டாவது 8.48. மூணாவது 8.50. கடைசி மேஜை, பாண்டிச்செல்வியோடது, 8.51. அடுத்த சனிக்கிழமையும் இதே வரிசை. அதுக்கடுத்த சனிக்கிழமையும். மேஜைக்கு மேஜை ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். ஒரே ஆள் வரிசையா நடந்து வந்த மாதிரி.”

“ஒழுங்கா நேரத்துக்கு வர்ற பிள்ளைங்கம்மா” என்றார் பசுபதி. குரல் மேலே எழும்பவில்லை.

அவள் இரண்டாவது தாளை வைத்தாள். “ஜூன் பதினாலு, சனிக்கிழமை. பாண்டிச்செல்வி லீவு. அவங்க அப்பா பேச்சிமுத்துவுக்குக் கண் ஆபரேஷன். லீவு லெட்டர்ல அனுமதிச்சுக் கையெழுத்துப் போட்டது நீங்க. அன்னைக்கும் அவங்க கணினி 8.52-க்கு அவங்க பாஸ்வேர்டுலயே திறந்திருக்கு.”

பசுபதி தாளைத் தொடவில்லை.

“இன்னும் ஒண்ணு இருக்கு சார். விஷயம் வெளிய வந்த பிறகு ரெண்டு சனிக்கிழமை போயிருக்கு. அந்த ரெண்டு நாளும் மத்த மூணு கணினியும் ஒன்பதரைக்கு மேலதான் திறந்திருக்கு. வருஷக்கணக்கா நடந்தது டக்குனு நின்னு போச்சு. எதுக்கு நிறுத்தறோம்னு நிறுத்துனவருக்குத் தெரிஞ்சிருக்கு.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கண்ணாடி இல்லாத முகம் பத்து வயது கூடித் தெரிந்தது.

“ஒன்பது வருஷம் ஆச்சும்மா. ஒரு சனிக்கிழமை. ஒன்பது நாப்பதுக்கு அன்னைக்கு முதல் பில்லைப் போட்டு லோடு அனுப்புனேன். லாரி விருதுநகரைத் தாண்டலை. டிரைவர் பேரு சோணைமுத்து. இருபத்தெட்டு வயசு. அவன் சம்சாரம் இங்க வந்து, இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே, அதே இடத்துல உக்காந்து, ‘ராகுகாலத்துல அனுப்பி வச்சிட்டீங்களே சார்’னு கேட்டுச்சு. வேற ஒரு வார்த்தை பேசலை. நீங்க படிச்சவங்க, சிரிப்பீங்க.”

“நான் சிரிக்கலை சார்.”

“அதுல இருந்து சனிக்கிழமை ஒன்பதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஆரம்பிச்சு வச்சிருவேன். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான். பாஸ்வேர்டை யாரும் யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சர்க்குலர் வந்துச்சு. அந்தச் சர்க்குலர்ல கையெழுத்துப் போட்டதும் நான். நாலு பேர் பாஸ்வேர்டையும் டயரியில எழுதி வச்சுக்கிட்டதும் நான்.”

“அன்னைக்கு நாலையும் திறந்து வச்சிட்டு எங்க போனீங்க?”

“கேண்டீனுக்கு, காபி குடிக்க. இருபது, இருபத்தஞ்சு நிமிஷம். அந்நேரத்துக்கு யாரு வரப் போறான்னு கதவைச் சும்மா சாத்திட்டுப் போனேன். பாக்கெட் பிரிவுக்கு எட்டு மணிக்கே ஷிஃப்ட் தொடங்கிரும். எனக்கு ஏன் அது தோணாமப் போச்சு?” அவர் கையால் முகத்தைத் துடைத்தார். “அந்தப் பொண்ணு கூட்டத்துல என்னையப் பார்த்து, ‘சார், நீங்களே சொல்லுங்க சார்’னுச்சு. பதினோரு மாசத்துல ரிட்டயர்மெண்ட்மா. இத்தனை வருஷம் ஒரு சொல் கேட்டதில்லை. வாய் வரலை.”

“இப்ப எழுதித் தாங்க சார். என் தாளெல்லாம் ஒரே ஆள்னுதான் சொல்லும். அது நீங்கன்னு சொல்லாது. அதை நீங்கதான் சொல்லணும்.”

பசுபதி தலையை ஆட்டினார். மேசை இழுப்பறையைத் திறந்து வெள்ளைத்தாள் எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார். எதிர்ச்சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தவர் பேனாவை அப்படியே கீழே வைத்துவிட்டார். மணி பத்து ஐம்பத்தெட்டு. வெள்ளிக்கிழமை. பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம்.

“பன்னெண்டு அடிக்கட்டும்மா. அடிச்ச மறு நிமிஷம் எழுதித் தாரேன். எங்கப்பா மேல சத்தியம்.”

“பதினொன்றரைக்கு அந்தப் பொண்ணு கையில ஆர்டரைக் குடுத்து வெளிய அனுப்பிடுவாங்க சார்.”

“ஒரு மணி நேரம் தள்ளி வைக்கச் சொல்லிப் பாருங்களேன்.”

“என்ன காரணம் சொல்லட்டும்?”

அவர் காலண்டரைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே, வாசல் பக்கத்து வேப்பமரத்தடியில் பாண்டிச்செல்வி நின்றுகொண்டிருந்தாள். இவர்கள் பார்ப்பது தெரியாமல் கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, மூடியைத் திருகி, மறுபடி திறந்து இன்னொரு வாய் குடித்தாள்.

பசுபதி பேனாவை எடுத்தார். தாளின் தலையில் பிள்ளையார் சுழி போட்டார். அது கோணிக்கொண்டு போயிற்று. பிருந்தா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நெடுநேரம் பேனா தாளில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பதினொன்றரைக் கூட்டத்தில் அந்தக் கடிதத்தைப் பசுபதியே எழுந்து நின்று படித்தார். வேறு யாரையும் படிக்க விடவில்லை. படித்து முடித்ததும் பாண்டிச்செல்வியின் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் திரும்பக் கும்பிடவில்லை. பார்வையையும் விலக்கவில்லை.

ஹரிஷங்கர் பிருந்தாவைப் பார்த்தார். “சரி மேடம். அப்ப உக்கிரபாண்டிதான்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. முடிச்சுருவோம்.”

“மாட்டேன் சார்.”

“என்ன மாட்டேன்? நாப்பத்திரண்டு தடவைன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“பென் டிரைவைப் பத்திச் சொன்னேன். அந்தப் பென் டிரைவ் அன்னைக்கு யார் கையில இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. அதை நீங்கதான் ஆளைக் கூப்பிட்டு, நாலு பேரைக் கேட்டுக் கண்டுபிடிக்கணும். ஒரு தடவை உங்களுக்காகச் சுருக்கமா எழுதுனேன். அதுவே போதும்.”

கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. உக்கிரபாண்டியின் சாவிக்கொத்திலேயே அது தொங்கிக்கொண்டிருந்தது. குழுவுக்கு முன்னால் கழற்றி வைக்கச் சொல்லி எண்ணைச் சரிபார்த்தபோது, அவர் முதலில் தன்னுடையது இல்லை என்றார். அப்புறம் யாரோ இரவல் வாங்கினார்கள் என்றார். இரவல் வாங்கியவர் பெயரைக் கேட்டதும், தலைவலிக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். போலீஸுக்கும் புகார் போயிற்று. பசுபதிக்கு மெமோ.

பாண்டிச்செல்வியைத் திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரச் சொன்னார்கள். அவள் அந்தக் கடிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள். பிருந்தா தன் ஸ்கூட்டரை அவள் பக்கத்தில் நிறுத்தினாள்.

“என்னை மன்னிச்சிரும்மா.”

“மன்னிப்பெல்லாம் எதுக்கு மேடம்? நீங்க மொத எழுதுன தாளை, ஃபோட்டோ புடிச்சு அதையும் வாட்ஸப்புல போட்டாங்க. எங்க ஊர்ல பாக்காத ஆளு இல்லை. இப்ப எழுதுன தாளை யாரு போடுவா?”

பிருந்தா ஸ்கூட்டரின் இன்ஜினை அணைத்தாள். பிறகு, “தங்கப்பொண்ணு வீட்டுக்கு என்னைக் கூட்டிட்டுப் போவீங்களா?” என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி வெயிலில் இருவரும் பேரையூரைத் தாண்டி நான்காவது ஸ்டாப்பில் இறங்கினார்கள். இரண்டு பக்கமும் மழையில்லாமல் வெடித்த கரிசல். தெருக்கோடியில், பூச்சு வேலை முடியாத கான்கிரீட் வீடு. கதவு சாத்தியிருந்தது.

“மதினி” என்று கூப்பிட்டாள் பாண்டிச்செல்வி. உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. கதவு திறக்கவில்லை.

பிருந்தா கதவருகே போனாள். “அம்மா, என் பேரு பிருந்தா. கம்ப்யூட்டரைச் சோதிச்சு, பாண்டிச்செல்விதான்னு எழுதிக் குடுத்தது நான். அது தப்பு. அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன். நீங்க திறக்க வேண்டாம். வெளிய நின்னே படிக்கிறேன்.”

தாளைப் பிரித்துப் படித்தாள். முதலில், தான் எழுதிய பழைய வரி. பிறகு, அது ஏன் தப்பு என்று. ராகுகாலம், பசுபதி சார், நான்கு மேஜை, கண் ஆபரேஷன் நாள், சாவிக்கொத்து எல்லாவற்றையும் புரிகிற பேச்சில் சொன்னாள். பக்கத்து வீடுகளில் இரண்டொருவர் வாசலுக்கு வந்து நின்று கேட்டார்கள். கேட்கட்டும் என்று குரலை உயர்த்தியே படித்தாள்.

படித்து முடித்துத் தாளை மடித்தாள். அப்புறம் தாழ்ப்பாள் விலகியது.

தங்கப்பொண்ணுக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. பாண்டிச்செல்வியைப் பார்க்காமல் பிருந்தாவையே பார்த்தாள்.

“படிச்சவக எழுதிக் கையெழுத்துப் போட்டா, சரியாத்தான் இருக்கும்னு நம்பிட்டேன்.”

“எல்லாரும் அப்படித்தான் நம்புவாங்க. அதுக்குத்தான் நான் பயந்து எழுதியிருக்கணும்.”

“ஒண்ணு கேக்கட்டா? நான் சொன்னதை எம்புட்டுப் பேரு படிச்சாகன்னு உங்க மிஷின் சொல்லுமா?”

“சொல்லாதும்மா.”

“அழிச்சிர முடியுமா?”

“கம்பெனி கம்ப்யூட்டர்ல இருக்கிறதைப் பாதுகாக்கலாம், பூட்டி வைக்கலாம். ஆளுங்க போன்ல இருக்கிறதை என்னால ஒண்ணும் செய்ய முடியாது.”

தங்கப்பொண்ணு தலையசைத்தாள். “முடியும்னு சொல்லியிருந்தீகன்னா, இப்ப படிச்சதையும் நம்பியிருக்க மாட்டேன்.”

அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். அப்போதுதான் பாண்டிச்செல்வியின் முகத்தைப் பார்த்தாள்.

“இத்தனை நாளா, நீ தெருவுல போனா மண்ணை வாரித் தூத்தணும்னு இருந்துச்சுடி எனக்கு.”

“தெரியும் மதினி.”

“தெரிஞ்சும் தினம் வந்து கூப்புட்டியே.”

பாண்டிச்செல்வி படிக்குக் கீழே மண்ணில் உட்கார்ந்தாள்.

“நீ அடிச்ச அந்த நாலு பக்கத்துல ஒரு இடம் தப்பு” என்றாள் தங்கப்பொண்ணு. “போன்ல வந்தப்பத்தான் முழுசாப் பாத்தேன். அவன் என் கையப் புடிச்சது குடோன் வாசல்ல இல்லை. உள்ள, மூட்டை அடுக்குக்குப் பின்னாடி. அன்னைக்குச் சொல்ல வாய் கூசுச்சு, வாசல்னு சொல்லிட்டேன். இனிமே கூசுறதுக்கு என்ன இருக்கு, அம்புட்டுப் பேரும்தான் படிச்சாச்சே. மறுபடி விசாரணை வச்சா வாரேன். ஆனா அந்த இடத்தை மாத்திறணும்.”

எழுந்து உள்ளே போனாள். மகளுடைய கோடு போட்ட நோட்டையும் ஒரு பேனாவையும் கொண்டுவந்து பாண்டிச்செல்வியின் மடியில் வைத்தாள்.

“மெதுவாச் சொல்றேன். ஒண்ணும் விட்டுறாம எழுது.”